வெப்சைட்டுக்குப் போணி

"துஷ்டி ராயகிரியிலதானே அண்ணாச்சி, அதுக்கு எதுக்கு இங்கன போயி…"

"ராயகிரின்னா என்ன, ரங்கூன்னா என்ன? செத்தது நம்ம டைரக்டரோட சகலைக்கு அம்மா. கடையத் தொறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா ஊரு காறித் துப்பாது?"

"கடையா அது? கம்ப்யூட்டருக்குள்ள கெடக்கு, அதப் போயி…"

"எதுக்குள்ள கெடந்தா என்னம்மா! சரக்கு விக்கிற எடம்னா கடை. கடைன்னா ஷட்டர். ஷட்டர்னா துஷ்டிக்கு எறக்கணும். இதுல ஒனக்கு எந்த எடம் வெளங்கல?"

ராஜகுமாரிக்கு எந்த இடமும் விளங்கவில்லை. ஆனால், தென்பொதிகைத் தறி உற்பத்தியாளர் கம்பெனியின் சேர்மன் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி கேள்வி கேட்பது பதிலுக்காக அல்ல என்பது சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் கையிலிருந்த போனை மேசைமேல் நீட்டினாள்.

போனில் கம்பெனி வெப்சைட் தெரிந்தது. பாதி இறக்கிய இரும்பு ஷட்டரின் படம். அதன் கீழே கறுப்பு எழுத்தில், 'துக்கம் காரணமாக இன்று விடுமுறை. அவசரத் தேவைக்குப் பின்வாசல் வழியாக வரவும்.'

"பின்வாசல் எங்கன இருக்குன்னு சார்ஜாவுலயிருந்து அந்தப் பிள்ள கேக்கா அண்ணாச்சி."

"பின்வாசல் இன்னும் கட்டி முடியல," என்றார் சேர்மன், வருத்தமில்லாமல். "எஸ்டிமேட் போட்டிருக்கு."

ராஜகுமாரியும் அவள் புருஷன் கோமதிநாயகமும் வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறி போட்டு நூல் சேலை நெய்கிறவர்கள். தறி ஓடினால் சோறு. நூல் தருவது கம்பெனி. நெய்த சேலையை விற்பதும் கம்பெனிதான். எப்படி விற்கும் என்றால் வெப்சைட்டில் விற்கும். வேறு வழியாக ஒரு சேலை விற்றது தெரிந்தாலும் நூல் நின்றுவிடும் என்பது விதி. வெப்சைட்டில் இதுவரை ஒரு சேலையும் விற்கவில்லை என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நெய்த சேலைகள் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு ஏறி, பீரோ உயரத்துக்கு ஏறி, இப்போது மின்விசிறியைப் போடவிடாமல் நிற்கின்றன. பொறுத்துப் பார்த்த கோமதிநாயகம், பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பேசி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் லாரி வரும். நான்கு தறியும் எடைக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் முபஷ்ஷிராவின் போன் வந்தது. கடையநல்லூர் சுபைதா பேகத்தின் மகள். தாய்க்காரி, கம்பெனி வருவதற்கு முன்னால், பல வருஷமாக ராஜகுமாரியிடம் சேலை எடுத்தவள். மகள் இப்போது சார்ஜாவில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சரக்கு வாங்கிப் போடுகிற வேலையில் இருக்கிறாள்.

"ராஜி அக்கா, எங்க முதலாளிக்கு நூல் சேலை நெறைய வேணும். ஒங்க ஞாபகந்தான் வந்துச்சு. ஆனா ஒண்ணு, ஒங்க கம்பெனி வெப்சைட் வழியாத்தான் ஆர்டர் போடுவாரு. வாட்ஸப்புல படம் பாத்து வாங்கி ரெண்டு தடவ ஏமாந்துட்டாரு மனுசன். வியாழக்கெழமைக்குள்ள போட்டுருவோம், இன்ஷா அல்லாஹ்."

ஒரே ஒரு ஆர்டர். அது வந்துவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம். இதை ராஜகுமாரி சேர்மனிடம் எடுத்துச் சொன்னாள். சேர்மன் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில சுடுகாட்டுல காடாத்துச் சடங்கு முடிஞ்சிரும். பெறவு தொறந்துருவாங்க," என்றார்.

மறுநாள் புதன்கிழமை ராகுகாலம் கழிந்து வெப்சைட் திறந்தது. ராஜகுமாரி கம்பெனி ஆபீசுக்கே போய், ஆப்பரேட்டர் செல்வக்குமார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சேலையக் காட்டு மக்கா, அந்தப் பிள்ளைக்கு வழி சொல்லணும்."

"சேலை கீழ இருக்குக்கா. மொதல்ல மேல உள்ளவங்களப் பாக்கணும்."

மேலே சங்கரநாராயணர் கோயில் கோபுரம் இருந்தது. அதற்குக் கீழே சேர்மன் படம். சேர்மனின் காலஞ்சென்ற தகப்பனார் படம். வைஸ் சேர்மன் ஹபீப் முகம்மது. பிறகு டைரக்டர்கள், ஆளுக்கொரு வட்டத்துக்குள், ஆளுக்கொரு கும்பிடு. செல்வக்குமார் உருட்டிக்கொண்டே போனான். கும்பிடு வந்துகொண்டே இருந்தது.

"இவங்க யாருலே? டைரக்டர் இல்லையே."

"இது டைரக்டர்மாரோட மாமன் மச்சினன்மார்க்கா. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்தான் இந்த வெப்சைட்டப் பண்ணுனாரு. அவருக்கு இப்படித்தான் வரும். மொதல்ல 'தாய்மாமன்'னுகூடப் போட்டிருந்தாரு, நாந்தான் எடுத்தேன்."

"போட்டோ வரிச அடிக்கடி மாறுதே?"

"யாரு படம் மொதல்லன்னு அடிதடி ஆயிப்போச்சுக்கா. அதான் மணிக்கொரு தடவ முன்ன பின்ன மாத்துதேன். எனக்கு இங்கன வேலையே அதான்."

அதற்கும் கீழே குற்றாலத்து அருவி கொட்டியது. அது எதற்கு என்று ராஜகுமாரி கேட்கவில்லை. அருவி தாண்டி, 'எங்கள் சேலைகள்' என்று வந்தது. அவள் ஸ்டூலை முன்னால் இழுத்தாள்.

வரிசையாகப் பொட்டலங்கள். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டிய பொட்டலங்கள். எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றின்மேல் மட்டும் கூடுதலாக ஒரு துண்டைப் போர்த்திப் படம் எடுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே, 'உயர்தரச் சேலை. விவரம் வாங்கிய பிறகு.'

துண்டு போர்த்தியது அவள் வீட்டுச் சேலை. துண்டும் அவள் வீட்டுத் துண்டுதான்.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்தாள். கோமதிநாயகம் தறிக்கூடத்து ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். புது டிசைன் தறியில் ஏறினால் ஜன்னலுக்குச் சாக்கு போடுவது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அக்கம்பக்கத்தார் பார்டரை எட்டிப் பார்த்துவிட்டால் மறுநாளே அவர்கள் தறியில் அதே பார்டர் ஓடும்.

"சேலைய மூடிவச்சுப் படம் எடுத்திருக்கீகளே, அத எவ வாங்குவா?"

"மூடாம? தொறந்து காட்டச் சொல்லுதியா? நம்ம சேலைய உலகத்துல உள்ளவன்லாம் பாக்கவா?"

"உலகம் பாக்கத்தானே வெப்சைட்டு!"

"உலகம் பாத்தாப் பரவாயில்ல ஏளா. எதிர்த்த வீட்டுக்காரன் பாப்பானே."

"ரெண்டு நாள்ல தறியே எடைக்குப் போகப் போகுது. அதுல ஓடுற டிசைனுக்குச் சாக்கா?"

"தறி போனாப் போகுது. டிசைன் நம்மளோடது," என்று ஆணித் தலையில் ஒரு போடு போட்டார்.

இதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. முபஷ்ஷிரா கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க முதலாளி ஒங்க மேல நம்பிக்கை வச்சு, அந்தத் துண்டு போத்துன பொட்டலத்துக்கு ஆர்டர் போடச் சொல்லிட்டாரு. சாம்பிளுக்கு ஒண்ணு. பட்டன அமுக்குதேன், 'போணி நடைபெறவில்லை, காத்திருக்கவும்'னு வருது. அமுக்கிக்கிட்டே இருக்கேன், காத்துக்கிட்டே இருக்கேன். என்னக்கா இது?"

ராஜகுமாரி மறுபடியும் ஆபீசுக்கு ஓடினாள்.

"ஆமாக்கா," என்றான் செல்வக்குமார். "மொத யாவாரம் கைராசிக்காரங்க கையால நடக்கணும்னு போர்டு தீர்மானம். யாரு கைராசிக்காரங்கன்னு இன்னும் தீர்மானம் ஆகல. அதுவரைக்கும் பட்டன் வேல செய்யாது."

"வெப்சைட்டுத் தொறந்து ரெண்டு வருசம் ஆகுதேலே!"

"ஈரோட்டுலயிருந்து ஒரு நர்சம்மா வாங்க வந்தாங்கக்கா, தொறந்த மறுநாளே. 'டெலிவரி ஃப்ரீயா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாங்க. போணி நேரத்துல பேரம் பேசலாமா? சேர்மன் அண்ணாச்சி திருப்பி அனுப்பிட்டாரு. அன்னைக்கு வச்ச பூட்டுதான்."

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அன்று சாயங்காலமே போர்டுக் கூட்டம் இருந்தது. 'வெப்சைட்டின் வணிக மதிப்பைக் கூட்டுதல்' என்று பலகையில் எழுதி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆலோசகரையும் வரவழைத்திருந்தார்கள். வாய்க்கு வாய் 'வேல்யூ, வேல்யூ' என்பதால் அவருக்கு வேல்யூ சார் என்றே பெயர். ராஜகுமாரியும் பங்குதாரர்தானே, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பெண் உறுப்பினர்கள் இருந்தால்தான் மானியம் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டவள் கூட்டத்துக்கே வந்துவிட்டதைப் பார்த்து இரண்டு டைரக்டர்கள் எழுந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்கள்.

வேல்யூ சார் எழுந்தார். "பாருங்க, வெப்சைட்னா எதுக்குங்க? விக்கறதுக்குன்னு நீங்க நெனச்சீங்கன்னா, நீங்க இன்னும் பழைய காலத்துல இருக்கீங்கன்னு அர்த்தங்க. விக்கறவன் வியாபாரி. விக்காம நிக்கறவன் பிராண்டுங்க!"

கை தட்டினார்கள். இந்தக் கணக்கில் நாம் எப்போதோ பிராண்டாகிவிட்டோம் என்பதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

"உங்க சைட்டுக்குத் தினமும் ஆளுங்க வர்றாங்க. நான் அளந்து பார்த்துட்டேன். வந்தவங்க ரொம்ப நேரம் நிக்கறாங்க. இது பெரிய விஷயங்க."

"என்ன சார் பாக்காங்க, அம்புட்டு நேரம்?" என்று கேட்டார் ஹபீப் முகம்மது.

"பாதிப் பேரு அவங்கவங்க போட்டோவைப் பார்க்கறாங்க. மீதிப் பேரு வெளிய போக வழி தேடறாங்க. ரெண்டுமே வேல்யூதானுங்க."

ராஜகுமாரி எழுந்தாள். "ஐயா, சார்ஜாவுல ஒரு பிள்ள ஆர்டர் போடக் காத்துக்கிட்டு இருக்கா. பட்டன் தொறக்கல. நாளைக்கு விட்டா எங்க தறி எடைக்குப் போயிரும்."

வாங்குவதற்கு நிஜமாகவே ஒரு ஆள் இருப்பது அந்தக் கூட்டத்தின் பொருளோடு சம்பந்தமில்லாததாகப் பட்டது.

"அந்தப் பிள்ளையே வாங்கட்டுமே அண்ணாச்சி. அதுவே போணியா இருந்துட்டுப் போகுது," என்றாள் ராஜகுமாரி.

"யாரு எவருன்னு தெரியாத கையி," என்றார் சேர்மன். "அதோட வாங்கப் போறவ போணி பண்ணுனா அதுல நமக்கு என்னம்மா மரியாதை? வெளி ஆளு வாங்குனா யாவாரம். நம்ம ஆளு வாங்குனாத்தான் போணி."

"கைராசின்னு பாத்தா," என்று ஹபீப் முகம்மது தொண்டையைச் செருமினார், "நானாச் சொல்லக்கூடாது. கடையநல்லூர் பஜார்ல போயிக் கேளுங்க. மூணு ஜவுளிக்கடைக்கு இந்தக் கையாலதான் போணி."

"மூணையும் மூடியாச்சே வே."

"மூடுனது அவன் தலையெழுத்து. போணி ஜோரா நடந்துச்சா இல்லையா?"

ஒருவர் தன் மாமியாருக்குக் கைராசி என்றார். இன்னொருவர் தன் இடது கைக்கு மட்டும் உண்டு என்றார். பேச்சு முற்றி, 'உம்ம கை பட்ட முருங்கையே பூக்கலையே' என்பது வரைக்கும் வந்தது. கடைசியில் வேல்யூ சார் எழுந்து, பதவியில் இருக்கிற கைக்குத்தான் ராசி அதிகம் என்று தரவுகள் சொல்வதாகச் சொன்னார். வியாழக்கிழமை ராகுகாலம் முடிந்து மூன்றுமணிக்குமேல் சேர்மன் தம் கையால் போணி செய்வதென்று ஒருமனதாகத் தீர்மானம். ஹபீப் முகம்மது மட்டும் போட்டோவில் தாம் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் தொறந்துருவாங்க தாயி," என்று ராஜகுமாரி முபஷ்ஷிராவுக்குச் சொன்னாள். "முதலாளிகிட்ட எதையாவது சொல்லி உக்காத்தி வையி."

"எதைச் சொல்ல அக்கா? கம்ப்யூட்டருக்கு ராகுகாலம்னா அவருக்கு வெளங்குமா?"

வியாழக்கிழமை ஆபீசுக்கு முன்னால் ஷாமியானா போட்டு, வாழை கட்டி, மைக் வைத்தாயிற்று. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம். திறப்பு விழா அன்று மேசையிலேயே தேங்காய் உடைத்துக் கீபோர்டு ஒன்று தண்ணீர் குடித்துச் செத்துப்போனதால் இந்தத் தடவை தேங்காய் வாசலில் உடைந்தது. எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. வெப்சைட்டுக்குச் சக்கரம் இல்லை. செல்வக்குமார் உட்காருகிற நாற்காலிக்கு இருந்தது. அவன் பழத்தின்மேல் முன்னும் பின்னும் உருண்டு நசுக்கிக் கொடுத்தான்.

போணிக்கு எந்தப் பொட்டலம் என்ற கேள்விக்கு, கையில் சரக்கோடு வந்திருந்தவள் ராஜகுமாரி ஒருத்திதான் என்பதால் அவள் பொட்டலமே போதும் என்றாகிவிட்டது. கோமதிநாயகம் பொட்டலத்தைக் கொடுக்குமுன் சணலை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். சேர்மன் அதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் பட்டனை அமுக்கினார். நாதசுரம் தொடங்கி, பாதியில் நின்றது.

"அண்ணாச்சி, ஓடிபி நம்பர் கேக்குது," என்றான் செல்வக்குமார்.

"எங்க கேக்குது?"

"ஒங்க போனுக்கு வரும்."

சேர்மன் பெயரில் உள்ள போன் வீட்டில் அவர் மனைவியிடம் இருந்தது. மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டதால் மதனியார் பேசியது தெருவுக்கே கேட்டது.

"நம்பர் வந்திருக்கு. ஆனா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னும் போட்டிருக்கே."

"நாந்தான் கேக்குதேன், சொல்லு!"

"உம்ம குரல்ல எவனும் பேசலாம். போன வாரம் நீருதானே சொன்னீரு, யாரு கேட்டாலும் சொல்லாதேன்னு."

ஒரு டைரக்டர் பைக்கில் போய், மதனியாரைப் பின்னால் உட்காரவைத்து, போனோடு கூட்டிவந்தார். நம்பர் போட்டாயிற்று. திரையில் 'வாழ்த்துகள்' என்று வந்தது. வெடி போட்டார்கள். சேர்மன் தலையில் பூத் தூவினார்கள். அந்த மகிழ்ச்சியில் இரண்டு டைரக்டர்களுக்கு அழுகை வந்தது.

வேல்யூ சார் மைக்கைப் பிடித்தார். "நம்ம இலக்கு ஒரு விற்பனைங்க. நடந்தது ஒரு விற்பனை. நூத்துக்கு நூறு! இந்த மாதிரி ரிசல்ட் வெளிநாட்டுல எந்தக் கம்பெனியும் காட்டினதில்லைங்க!"

அடுத்தது சேர்மன். "பெரியோர்களே, இந்தச் சேலையைப் பாத்தாலே கண்ணுக்குக் குளுமை. என்ன அழகு, என்ன நெசவு! ரெண்டு வருசமா இந்த வெப்சைட்டுல எத்தனையோ பேரு வாங்கணும்னு வந்தாங்க. ஒருத்தரையும் நாங்க விடல. ஏன்? தரம்! என்னைக்கும் தரத்துல நாங்க எறங்கி வந்ததில்ல."

அவர் பேசி முடிக்கவும் ராஜகுமாரியின் போன் அடித்தது. சார்ஜாவிலிருந்து வீடியோவில் முபஷ்ஷிரா. பக்கத்தில் கண்ணாடி போட்ட முதலாளி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டன் தொறந்துருச்சுக்கா! நல்லது. முதலாளி மவுசக் கையிலயே வச்சிருக்காரு. இனி சாம்பிளுக்கு நேரமில்லயாம், முன்னூறு சேலை, இப்பவே போட்டுருவாரு. ஒண்ணே ஒண்ணு கேக்காரு. பொட்டலத்தப் பாத்து முன்னூறு எடுக்க முடியாதாம். இதே வெப்சைட்டுல வாங்குனவங்க யாராச்சும் ஒரு வார்த்த சொல்லணுமாம்."

ராஜகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிப் போனைச் சேர்மன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அண்ணாச்சி, வாங்குன ஆளு நீங்க ஒருத்தருதானே. சொல்லுங்க. ஒரு வார்த்த. எங்க தறியக் காப்பாத்துங்க."

சேர்மனுக்கு வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் முகம் மலர்ந்தது. போனுக்கு மைக்கையும் சேர்த்துப் பிடித்தார். "வணக்கம்! நான் சேர்மன் பேசுதேன். போணி நான்தான் பண்ணுனேன். அருமையான சேலை. நான் கியாரண்டி!"

"சந்தோசம் அண்ணாச்சி," என்றாள் முபஷ்ஷிரா. மைக் வழியாக அவள் குரல் ஷாமியானா முழுக்கக் கேட்டது. முதலாளி அவள் காதில் எதையோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

இந்தப் பக்கம் தெருவில் தறி வைத்திருக்கிற அத்தனை பேரும், எதிர்த்த வீட்டுக்காரர் முதல் ஆளாக, காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். சேர்மன் கக்கத்தில் பொட்டலம் முடிச்சு அவிழாமல் இருந்தது. கோமதிநாயகம் பின்னாலிருந்து பெண்டாட்டியின் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நீங்க வாங்குன சேலை என்ன கலரு?"